பஃபேவில் மடங்கும் பாக்கு மட்டைத் தட்டு: டையில் என்ன மாற்றலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பாக்கு மட்டைத் தட்டு போடும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பாலக்காடு பக்கக் கல்யாணங்களில் பெரும்பாலும் உட்கார வைத்து இலை போட்டுவிடுவார்கள், அங்கே என் தட்டு பாயசத்துக்கும் பலகாரத்துக்கும்தான் போகிறது. பொள்ளாச்சி பக்க மண்டபங்களில் ரிசப்ஷன் என்றால் நின்றுகொண்டே சாப்பிடும் பஃபே. என் 12 இன்ச் வட்டத் தட்டு ஒரு கையில் நிற்பதில்லை, சாதம் போட்டுக் குழம்பு ஊற்றியதும் மடங்குகிறது, பட்டுப் புடவையில் கொட்டிவிட்டது என்று சமையல் கான்ட்ராக்டர் சத்தம் போடுகிறார். தடி மட்டையில் போடச் சொல்கிறார், அது எல்லா மாதமும் கிடைப்பதில்லை. மட்டையை அழுத்தித் தட்டாக்கும் அச்சான டையை மாற்றினால் சரியாகுமா? கட்டைவிரல் நுழைக்க ஓட்டை வைத்த வெளிநாட்டுத் தட்டு ஒன்றைப் படத்தில் பார்த்தேன். அப்படிப் போடலாமா?

பதில்: ஓட்டை வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்க் கூழை அச்சில் ஊற்றிச் செய்யும் தட்டில் நார்கள் தாறுமாறாகக் கிடக்கும், அதனால் ஓட்டை போட்டாலும் தாங்கும். பாக்கு மட்டையில் நார் முழுக்க ஒரே திசையில் ஓடுகிறது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், மூங்கிலைப் பிளப்பது போல அது நார் வழியே ஓடிவிடும். போதாததற்கு ரசம் அதன் வழியே முழங்கை வரை வழியும்.

உங்கள் தட்டு மடங்குவதற்கும் இந்த நார்த் திசைதான் காரணம். டைக்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்போது இருக்கும் 12 இன்ச் தட்டு ஒன்றை எடுத்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். அரைக் கிலோ சாதத்தை அதில் வைத்து, நார் முடிகிற முனையில் கட்டைவிரலை வைத்து இடது கையால் தூக்குங்கள். அப்புறம் தட்டைக் கால் சுற்று திருப்பி, நாருக்குப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்குங்கள். முதல் முறை தட்டு நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் முறை நாருக்கு இணையாக ஒரு கோடு விழுந்து மறுபாதி தொங்கும். மட்டை அதே, எடை அதே, பிடித்த இடம்தான் வேறு.

வட்டத் தட்டில் எங்கே பிடிக்க வேண்டும் என்று விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, கை போன இடத்தில் பிடிப்பார். அப்போது தட்டு நிற்பதும் மடங்குவதும் அதிர்ஷ்டத்தின் கையில். ஆகவே உங்கள் டை செய்ய வேண்டிய முதல் வேலை, கையைச் சரியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது. தடிமனெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கு விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் கட்டைவிரல் குழி வையுங்கள். பெரியவர்களின் கட்டைவிரல் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம் இருக்கும், ஆகவே குழியின் அகலம் 25 மி.மீ., ஆழம் 2 மி.மீ. போதும். உதட்டிலிருந்து (தட்டின் வெளி ஓரப் பட்டை) உட்சுவரின் சரிவு வரை அது வழுவழுப்பாக இறங்க வேண்டும். குழி மேலே விழுந்தால் அடியில் ஒரு சின்ன மேடு வரும், ஆள்காட்டி விரல் அதைத் தடவியே கண்டுபிடித்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ் டையில் குடைந்து, மேல் டையில் அதே வடிவத் துண்டு ஒன்றைத் திருகி மாட்டச் சொல்லுங்கள். துண்டாக மாட்டினால் பிடிக்கவில்லை என்றால் கழற்றிச் சரிசெய்யலாம். ஒரு எச்சரிக்கை: ஓரம் வெட்டும் வளையத்துக்குக் குறைந்தது 4 மி.மீ. உள்ளேயே குழி நின்றுவிட வேண்டும். வெட்டும் இடத்தில் மட்டை சமதளமாக இல்லாவிட்டால் ஓரம் பிசிறடிக்கும், பிசிறிலிருந்து விரிசல் தொடங்கும்.

குழி நார் முனையில் வர வேண்டுமென்றால் மட்டையை டையில் வைக்கும் திசை மாறக்கூடாது. கீழ் டையின் வெளிப்புறத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள், நார் அம்பின் வழியே இருக்க வேண்டும். இன்னொன்றும் பார்க்கலாம். மட்டை நடுவில் தடிமனாகவும் இரு ஓரங்களில் மெலிவாகவும் இருக்கும், ஓலைத் தண்டை நெருங்க நெருங்கத் தடிமன் கூடும். அந்தத் தடித்த பக்கத்தைக் குழி இருக்கும் பக்கமாக வைத்து அழுத்துங்கள். கையில் அழுத்தம் விழும் இடத்துக்குத் தடித்த பகுதி வந்துவிடும், கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது அளவு. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், ஏனென்றால் கான்ட்ராக்டரிடம் நீங்கள் பேச வேண்டியது இதைத்தான். 12 இன்ச் தட்டில் விளிம்பிலிருந்து நடுமையம் 15 செ.மீ. தூரம். அரைக் கிலோ உணவு நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டைவிரல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே, கீழே தாங்கும் விரல் நுனி 5 செ.மீ. உள்ளே. அப்படியானால் தட்டு கவிழாமல் இருக்கக் கட்டைவிரல் ஏறக்குறைய 1,670 கிராம் அளவுக்கு அழுத்த வேண்டும். இதே ஆள் விரல்களை இன்னும் உள்ளே நீட்டி 9 செ.மீ. வரை கொண்டுபோனால் அழுத்தம் 430 கிராமுக்கு இறங்கிவிடும், நாலில் ஒரு பங்கு. தட்டை 10 இன்ச்சாகக் குறைத்து, அதே போல விரல் நீட்டினால் 265 கிராம்தான்.

இது மேஜைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறவருக்கு. நம்மாள் பிசைந்து சாப்பிடுகிறார். பிசையும்போது வலது கை தட்டின் எதிர்ப்பக்கத்தை அமுக்குகிறது. நடுவைத் தாண்டி 5 செ.மீ. தூரத்தில் 200 கிராம் அளவுக்கு அமுக்கினால்கூட, 10 இன்ச் தட்டில் கட்டைவிரலின் வேலை இருமடங்காகிவிடும். வெளிநாட்டு வடிவங்களை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு உள்ள தயக்கம் இதுதான். அந்தத் தட்டுகள் முள்கரண்டிக்காக வரைந்தவை, உருண்டை பிடிக்கும் கையை அவர்கள் கணக்கில் எடுத்ததே இல்லை.

ஆகவே பஃபேவுக்கு 10 இன்ச் போதும் என்பது என் கருத்து. பெரிய தட்டு பந்தியில் அழகு, நிற்பவர் கையில் பாரம். 12 இன்ச்தான் வேண்டும் என்று கான்ட்ராக்டர் அடம் பிடித்தால், அதை மேஜை போட்ட இடத்துக்கு மட்டும் விற்பதாகச் சொல்லிவிடுங்கள்.

விரல்கள் உள்ளே போக வேண்டும் என்றேன் அல்லவா, அதற்கும் டையில் இடம் செய்ய வேண்டும். தட்டின் அடி முழுக்கச் சமதளமாக இருந்தால் விரல் நுனிக்குப் பிடிப்பு இல்லை. எண்ணெய்க் கையாக இருந்தால் வழுக்கும். அடியின் நடுவில் 12 செ.மீ. விட்டத்துக்கு 3 மி.மீ. மேடு கொடுங்கள், கீழேயிருந்து பார்த்தால் அது ஒரு குழிவு. 10 இன்ச் தட்டில் அந்தக் குழிவின் விளிம்பு வெளி ஓரத்திலிருந்து ஏறக்குறைய 6.7 செ.மீ. தூரத்தில் வரும், 9 செ.மீ. நீட்டிய விரல் நுனி அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். நாருக்குக் குறுக்கே தட்டு தொய்வதையும் இந்த வட்ட மடிப்பு குறைக்கும். மேஜையில் வைத்தால் ஆடாது. குழம்பு மட்டும் மேட்டைச் சுற்றி ஓடி நிற்கும், சிலருக்கு அது பிடிக்காது. 3 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்பது அதனால்தான்.

மடிப்புகள் எல்லாமே வளைந்து திரும்ப வேண்டும், கூர்மையாக அல்ல. மட்டை நீளாது, இழுத்தால் கிழியும். மட்டைத் தடிமனைவிடக் குறைவான ஆரமுள்ள வளைவு எங்கேயும் வேண்டாம், முடிந்தால் இரண்டு மடங்கு வையுங்கள். சுவர் உயரம் 2.5 செ.மீ., சரிவு 45 டிகிரி வாக்கில் இருந்தால் விரல்கள் சுவரில் இடிக்காது. இதைவிட ஆழமாகப் போனால் ஓரத்தில் சுருக்கம் விழும்.

உதட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் தட்டின் உதட்டைத் தட்டையாக வெளியே நீட்டி விட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டை உதடுதான் முதலில் வளைகிறது. 12 முதல் 15 மி.மீ. அகல உதட்டை வெளிப்பக்கம் சற்றுக் கீழே சாய்த்துவிடுங்கள். சுவர் மேலே ஏறி உதடு கீழே இறங்கும்போது ஓரம் ஒரு கவிழ்ந்த கால்வாய் போல் ஆகிறது, அதே மட்டையில் அது பலமடங்கு விறைப்பு. மேல் கீழ் டைகள் நேராகப் பிரியும்படி சாய்வு மட்டும் இருக்க வேண்டும், உள்ளே சுருண்டால் தட்டு டையில் சிக்கிக்கொள்ளும்.

தடி மட்டை பற்றிக் கான்ட்ராக்டர் சொல்வது தப்பில்லை. தடிமன் 10 சதவீதம் கூடினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும், தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில்தான் அது ஏறுகிறது. ஆனால் இதற்காகத் தனியாக மட்டை தேடி ஓட வேண்டியதில்லை. வருகிற லோடை இரண்டாகப் பிரியுங்கள். தடித்தது 10 இன்ச்சுக்கு, மெல்லியது 6 இன்ச் பலகாரத் தட்டுக்கும் தொன்னைக்கும். இப்போது நீங்கள் பெரியது கிடைத்தால் பெரிய தட்டு என்று அகலத்தைப் பார்த்து மட்டும் பிரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான யூனிட்டுகளில் அதுதான் வழக்கம்.

பிரிவுள்ள தட்டு, சதுரத் தட்டு இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கான்ட்ராக்டர் கேட்பார். பிரிவுச் சுவர் நாருக்குக் குறுக்கே போனால் அது முதுகெலும்பாகத் தாங்கும், நார் வழியே போனால் அதுவே மடியும் கோடாகிவிடும். சாதத்துக்கான பெரிய பிரிவு இடது கைப் பக்கம், கட்டைவிரல் குழிக்கு அருகில் வர வேண்டும். எடை கைக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சதுரத் தட்டை மூலையில் பிடிக்கத் தோன்றும், ஆனால் 10 இன்ச் சதுரத்தில் மூலையிலிருந்து நடு 18 செ.மீ. தூரம், 12 இன்ச் வட்டத்தைவிட மோசம்.

எந்த டையானாலும் அதைப் பாழாக்குவது ஈரம். சொட்டச் சொட்ட இருக்கும் மட்டையை அழுத்தினால் தட்டு வெளியே வந்த பிறகு தன் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கும். ரொம்பக் காய்ந்திருந்தால் வளைவில் வெடிக்கும். ஊறவைத்துக் கழுவி, நீர் வடிந்து, தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. தட்டைச் சூடாகவே அடுக்கி மேலே எடை வையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக் காலத்தில் கட்டிய பண்டல்கள் தரையில் கிடந்தால் ஈரம் ஏறித் தளர்ந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். பலகை மேல் அடுக்குங்கள்.

விறைப்புக்காக உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மாநில எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பும் நீங்கள் இரண்டு மாநில விதிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். உங்கள் தட்டு விற்பதே அந்தத் தடையால்தான்.

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பாக்கிலுள்ள அரிகோலின் முதலான பொருட்கள் மட்டையிலிருந்து உணவில் கலக்கக்கூடும் என்று சொல்லி, பாக்கு மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது என 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. பிடிமானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் அமெரிக்க ஆர்டரை நம்பிப் பெரிய டை செட் போட இது நேரமல்ல.

சரி, எதில் தொடங்குவது? புது டை வாங்காமல், உங்களிடம் 10 இன்ச் டை இருந்தால் அதில் கட்டைவிரல் குழியை மட்டும் முதலில் சேருங்கள். நூறு தட்டு போட்டு, உங்கள் யூனிட்டில் வேலை செய்யும் அக்காமார் கையிலேயே கொடுங்கள். அரைக் கிலோ சாதம், மேலே சூடான குழம்பு, இருபது நிமிடம் நின்றபடி பிசைந்து சாப்பிட வேண்டும். எங்கே பிடிக்க வேண்டும் என்று வாயைத் திறக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் தானாகக் குழியில் விரல் வைத்தால் அடிக் குழிவுக்கும் சாய்ந்த உதட்டுக்கும் லேத்துக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கலாம். வைக்கவில்லை என்றால் குழியை இன்னும் 1 மி.மீ. ஆழமாக்கி மறுபடி சோறு போடுங்கள்.