கரண்ட் அடித்த மாதிரி ஓடினால் குனியாதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. காலை 5 மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, 5.30-க்கு ரேஸ்கோர்ஸில் நடக்கப் போவேன். நடப்பதற்கு முன் குனிந்து கால்விரலைத் தொடும் ஸ்ட்ரெட்ச்சிங் 20 முறை செய்கிறேன். இரண்டு வாரமாக, குனிந்தால் வலது பின்தொடையிலிருந்து பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடுகிறது. கூட நடக்கும் அக்கா, "இன்னும் நல்லா குனி, நரம்பு லூசாயிடும்" என்கிறார். செய்யலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம் அம்மா. "கரண்ட் அடித்த மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். பிசியோதெரபிஸ்டாக, வருகிறவர்கள் வலிக்குச் சொல்லும் வார்த்தையை நான் கவனமாகக் கேட்பேன். தசை நீளும்போது "இழுக்குது" என்பார்கள். அந்த இழுப்பு தொடையின் நடுச் சதையில் இருக்கும். நீட்டிய காலைத் தளர்த்தியதும் போய்விடும். "சுள்ளுனு ஓடுது", "மரத்துப்போகுது", "கரண்ட் மாதிரி" என்றால் பெரும்பாலும் அது நரம்பு. இடுப்பிலிருந்து புட்டம், பின்தொடை வழியாகக் கீழே இறங்கும் சயாட்டிக் நரம்பு ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும்போது அதை இழுத்தால் லூசாகாது, இன்னும் சினக்கும். அக்கா அன்பால்தான் சொல்கிறார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நீங்கள் குனியும் நேரமும் எனக்குக் கவலை தருகிறது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்த உப்பல் பெருமளவு வடிந்துவிடும். அதற்குள் முழுதாகக் குனிந்தால் டிஸ்க் மீது விழும் அழுத்தம், மதியம் குனிவதைவிட அதிகம். நீங்கள் எழுந்த கையோடு கோலத்துக்குக் குனிகிறீர்கள். அப்புறம் விரலைத் தொட 20 முறை. கோலத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. என் அம்மா முதுகு வலி வந்தபிறகு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஐந்து புள்ளிக் கோலத்தோடு நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு நீங்களும் அப்படிப் போடுங்கள்.

விரலைத் தொடுவது பள்ளிக்கூட டிரில் பீரியடிலிருந்து நம்மோடு வரும் பழக்கம். "ஒன்று, இரண்டு" என்று எண்ணி வெட்டி வெட்டிக் குனிவோம். வேகமாக இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே சுருங்கப் பார்க்கும். நீங்கள் ஒரு பக்கம் நீட்ட, அது மறுபக்கம் இழுக்கும்.

இப்போதைக்குக் குனியும் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஒரு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ இந்த வாரமே நேரில் பாருங்கள். வலி கூடவில்லை என்றால் சமதளத்தில் மெதுவாக நடக்கலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கினாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நரம்பு அடங்கியபிறகு, பார்த்தவர் சரி என்று சொன்னால், பின்தொடைக்கு இதைச் செய்யுங்கள். நடந்து முடித்து வீட்டுக்கு வந்ததும், உடம்பு சூடாக இருக்கும்போதே பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். மற்றத் தொடைக்குப் பின்னால் ஒரு துண்டைக் கொடுத்து இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தூக்குங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். தொடை நடுவில் இதமான இழுப்பு தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி, மூச்சை அடக்காமல் 30 நொடி இருங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை, வாரத்தில் மூன்று நாள் போதும். நடைக்கு முன் தனியாக எதுவும் வேண்டாம். முதல் 5 நிமிடம் மெதுவாக நடப்பதே வார்ம்-அப்.

கேள்வி: வயது 17. பள்ளி கபடி அணியில் ரெய்டர். மேட்ச்சுக்கு முன் காலை விரித்து உட்காருவேன், நண்பன் முதுகில் கை வைத்து அழுத்துவான். அப்படிச் செய்தால் மறுநாள் உடம்பு வலிக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை தம்பி. ஆட்டத்துக்கு மறுநாள் வரும் தசைவலியை ஸ்ட்ரெட்ச்சிங் பெரிதாகக் குறைப்பதில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே களத்தில் இறங்கினால், அதன் வேகமும் பலமும் சற்று நேரம் குறையக்கூடும். ரெய்டுக்குப் போகும் உனக்கு அது நஷ்டம். மெதுவாக ஓடு, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசு, பக்கவாட்டில் நகர்ந்து பழகு, பிறகு பாதி வேகத்தில் நாலைந்து ரெய்டு போய்ப் பார். காலை விரிக்கும் ஸ்ட்ரெட்ச் ஆட்டம் முடிந்தபிறகு இருக்கட்டும். அப்போதும் உன் உடம்பு போகும் தூரம் வரைதான், நண்பன் கை படாமல். எங்கே நிறுத்த வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், அழுத்துகிறவனுக்குத் தெரியாது. அப்படி அழுத்தி இடுப்பு இடுக்குத் தசை கிழிந்து, அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்த ஒரு பையனுக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன்.