பதில்: 6 வாரத்தில் புண் தெரிகிறதே, சிகிச்சை பலிக்கவில்லையா?

தம்பி, அப்பாவின் மலக்குடல் புற்றுக்குக் கதிர்வீச்சு முடிந்து 6 வாரம்தான் ஆகிறது, எண்டோஸ்கோப்பியில் இன்னும் புண் தெரிகிறது என்று தக்கலையிலிருந்து எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள். கதிர்வீச்சு முடிந்த பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். 8 முதல் 12 வாரத்தில் பார்ப்பதுதான் வழக்கம். என் அம்மாவுக்கும் 8ஆவது வாரம் புண் இருந்தது. 12ஆவது வாரம் நாகர்கோவிலில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்: வெளிறிய, தட்டையான வடு, அதன்மேல் நூல்நூலாகச் சிவந்த ரத்தக்குழாய்கள். கட்டி கரைந்ததற்கு அதுதான் நல்ல அடையாளம். புண்ணோ முடிச்சோ அப்போதும் நின்றால் புற்று மிச்சம் இருக்கலாம்.

பயாப்சியில் (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில்) புற்று இல்லை என்று வந்தாலும் அதை மட்டும் நம்பி ஆபரேஷனை விட்டுவிடாதீர்கள். மேல்பரப்பு ஆறியிருக்க, குடல்சுவருக்குள் புற்று மறைந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பியோடு, ஆசனவாய் வழியே டாக்டர் செய்யும் விரல் பரிசோதனையையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆபரேஷன் பற்றிய முடிவு. திருவனந்தபுரம் போவதானாலும் சரி, பழைய எண்டோஸ்கோப்பி படங்களைக் கையோடு கொண்டுபோங்கள்; ஒப்பிட அது வேண்டும்.