மஸ்கடே இனிப்பு ஒயினா? எதனுடன் பரிமாறலாம்?

இல்லை, துளியும் இனிப்பில்லை. பெயரைக் கேட்டு மஸ்கட் திராட்சையின் இனிப்பு ஒயின் என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. மஸ்கடே ஒரு பிரெஞ்சு வெள்ளை ஒயின்; பிரான்சில் லுவார் ஆறு அட்லாண்டிக் கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி விளைகிறது. திராட்சையின் பெயர் மெலோன் தெ பூர்கோன். பிரான்சின் பூர்கோன் (பர்கண்டி) பகுதியிலிருந்து வந்தது. 1709-ஆம் ஆண்டின் கொடும் பனியில் நாந்த் பகுதிக் கொடிகள் கருகிப்போக, குளிர் தாங்கும் இந்த வகை அங்கே வேரூன்றியது.

வாங்கும்போது லேபிளில் 'சுர் லீ' ('வண்டலின் மேல்') என்ற சொற்களைத் தேடுங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலை வடித்து நீக்காமல், குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன் மேலேயே வைத்திருந்து, பிறகு நேராகப் புட்டியில் அடைப்பார்கள். மெலோன் இயல்பிலேயே மணமும் சுவையும் அடக்கமான திராட்சை; அதற்கு வாயில் ஒரு நிறைவும் ரொட்டி மணமும் தருவது இந்த வண்டல்தான். நாக்கு நுனியில் மெல்லிய குறுகுறுப்பும் தெரியும். ஒயினில் தங்கிவிட்ட கரியமில வாயு அது. பெரும்பாலும் மஸ்கடே வட்டாரத்தின் உட்பகுதியான செவ்ர் எ மேன் புட்டிகளில் இச்சொற்களைக் காணலாம்.

உணவென்றால் முதலிடம் சமைக்காமல் உண்ணும் சிப்பிக்கே. எலுமிச்சை பிழிவதற்குப் பதில் ஒரு மிடறு மஸ்கடே போதும். சிப்பியின் உப்புநீரோடு அந்தப் புளிப்பு அப்படியே கலந்துவிடும். ஆவியில் வெந்த மட்டியும் பொருந்தும். நாந்த் பகுதியின் வெண்ணெய்க் குழம்பான பேர் பிளாங் ஊற்றிய ஆற்றுமீனுக்கும் இதுவே என் தேர்வு. காரமான இறைச்சிக்கு வேண்டாம், ஒயின் காணாமல் போய்விடும். நன்றாகக் குளிர்வித்துப் பரிமாறுங்கள்.