மரபியல் அடிப்படை: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

குடியாத்தம், பிளஸ் டூ: இருபண்புக் கலப்பில் எனக்கு விகிதம் தப்பாகவே வருகிறது சார்.

இரு பெற்றோரின் கேமீட்டுகளையும் (இனச்செல்கள்) சேர்த்துப் பார்க்கும் புன்னட் கட்டத்துக்குள் போவதற்கு முன்பே, கேமீட் எழுதும்போதே தப்பு நடந்துவிடுகிறது தம்பி. ஒரு கேமீட்டுக்குள் ஒரு பண்புக்கு ஒரே ஒரு அல்லீல்தான் (மரபணுவின் ஒரு வடிவம்) போகும். நெட்டை 'நெ', குட்டை 'கு', உருண்டை விதை 'உ', சுருங்கிய விதை 'சு' என்று வைத்துக்கொள். கலப்புச் செடி தரும் கேமீட்டுகள் நெஉ, நெசு, குஉ, குசு. 'நெகு' என்று ஒரு கேமீட் எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டது. பதில் சரியா என்று பார்க்கப் பெருக்கிப் பார்: நெட்டை 3/4, சுருங்கியது 1/4, இரண்டும் சேர்ந்தது 3/16. ஒரே குரோமோசோமில் நெருங்கி இருக்கும் மரபணுக்களுக்கு இந்தப் பெருக்கல் செல்லாது.

காட்பாடி, பி.எஸ்ஸி.: மெண்டலுக்கே சரியாக 3:1 வரவில்லையே?

வராதும்மா. 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இரண்டாம் தலைமுறைப் பட்டாணிச் செடிகளில் நெட்டை 787, குட்டை 277. 3:1 படி எதிர்பார்ப்பு 798, 266. வித்தியாசம் 11. 121/798, 121/266 இரண்டையும் கூட்டினால் கை-வர்க்க மதிப்பு (எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) சுமார் 0.61. தற்செயல் என்று ஏற்கும் வரம்பு 3.84, அதற்குக் கீழே இருப்பதால் இது தற்செயல் விலகல்தான். இந்தச் சோதனையில் சதவீதத்தைப் போடாதே, எண்ணிக்கையைத்தான் போட வேண்டும்.

ஆற்காடு, ஆசிரியை: வெங்காய வேர் ஸ்லைடில் பிரியும் செல்லே கிடைப்பதில்லை.

பெரும்பாலும் வேரின் வேறு பகுதியை நசுக்கியிருப்பீர்கள் டீச்சர். நுனியின் கடைசி 2 மில்லிமீட்டரில்தான் பிரிதல் நடக்கிறது. அதற்கு மேலே இருப்பவை நீண்டு வளரும் செல்கள். கடை வெங்காயத்தின் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். சில நாளில் புதுவேர் வரும். காலையில் வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த திரவத்தில் 24 மணி நேரம் போடுங்கள். பிறகு ஸ்லைடில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டு மூன்று சொட்டு அசிட்டோகார்மைன். ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டுங்கள், சாயம் காயக்கூடாது. சூடு போதாவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். நன்றாக விரிந்த செல்லில் 16 குரோமோசோம்களை எண்ணலாம்.

ராணிப்பேட்டை: அப்பா 'ஓ', அம்மா 'பி', குழந்தை 'ஏபி'. இது நடக்குமா?

வழக்கமான கணக்கில் 'ஓ' அப்பாவாலும் 'பி' அம்மாவாலும் 'ஏ' தர முடியாது. அதனால் முதலில் மூவருக்கும் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அதே முடிவு வந்தால், அப்பா பாம்பே ரத்த வகையா என்று பார்க்க வேண்டும். 1952இல் வெளிவந்த இந்த வகையில், 'ஏ', 'பி' உருவாக அடிப்படையான 'ஹெச்' பொருள் இல்லாததால், 'ஏ' அல்லீல் இருந்தும் சாதாரணச் சோதனையில் 'ஓ' என்றே காட்டும். இதைத் தெரியாமல் குடும்பத்தில் சந்தேகம் கிளப்பிவிடாதீர்கள்.

வாணியம்பாடி: அக்கா மகளைக் கட்டினால் பிள்ளைக்கு நிச்சயம் குறை வருமா?

நிச்சயம் என்பதும் தப்பு, ஒன்றும் ஆகாது என்பதும் தப்பு. மாமனிடம் ஒடுங்கு நோய் அல்லீல் (இரண்டு சேர்ந்தால்தான் நோய் தருவது) ஒன்று இருக்கிறது, அவருக்கு நோய் இல்லை என்று வையுங்கள். அது அக்காவிடமும் இருக்க வாய்ப்பு 1/2, அக்கா மகளிடம் 1/4. இருவரும் தாங்கிகளானால் (அல்லீல் ஒன்று இருந்தும் நோய் இல்லாதவர்கள்) ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர வாய்ப்பு 1/4. ஆக 1/16. இதே அல்லீலுக்கு மாமன் மகள், அத்தை மகள் என்றால் 1/32.

'நாலில் ஒன்று' என்றால் முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவர் தப்பினர் என்று பொருளில்லை. அடுத்த பிள்ளைக்கும் அதே 1/4தான்.

வீட்டில் யாருக்காவது தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தச்சோகை நோய்) இருந்தால் கல்யாணப் பேச்சுக்கு முன்பே இருவரும் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு வகை) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைந்து, ஹெச்பிஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா தாங்கியாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவிலும் எம்சிவி குறையும், ஹெச்பிஏ2வும் சற்று இறங்கிக் காட்டலாம். அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். ரிப்போர்ட்டுகளோடு குடும்ப வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது.