பழைய டேபிள் சா: ரசமட்டம் சொல்லாத கோணல்

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். ஹீட்டர் இல்லாத காராஜில் வைத்துப் பயன்படுத்துவதற்காக, 10 அங்குல கிராஃப்ட்ஸ்மன் 113 வரிசை டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு நீட்டி நிற்கும் மின்ரம்பம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மேசை முழுதும் துருப்பிடித்திருக்கிறது. ரசமட்டம் வைத்தால் ஒரு பக்கம் சரிவு தெரிகிறது. நீளவாட்டில் அறுக்கும் பலகையின் விளிம்பில் கருகிய தடமும் விழுகிறது. கால்களுக்கு அடியில் தகடு வைத்து மட்டம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. தகடு வைத்தால் இயந்திரம் ஆடாமல் நிற்கும், அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் கருகல் அதனால் தீராது. சற்றே சரிந்த தரையில் நின்றாலும், மேசை தன்னளவில் தட்டையாகவும், பிளேடும் ஃபென்ஸும் (பலகையை ஒட்டித் தள்ள உதவும் வழிகாட்டிச் சட்டம்) மேசையிலுள்ள மைட்டர் காடிக்கு (பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் பள்ளம்) இணையாகவும் இருந்தால் டேபிள் சா நேராகவே அறுக்கும். மைட்டர் காடி மேசையிலேயே வெட்டப்பட்டது, அதை நகர்த்த வழியில்லை. ஆகவே மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்தே திருத்த வேண்டும். ரசமட்டத்துக்குப் பதிலாக நம்பகமான நேர்விளிம்பு, காம்பினேஷன் ஸ்கொயர் (நகரும் அளவுகோல் கொண்ட மூலைமட்டம்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கியது சியர்ஸ் கடைகளுக்காக எமர்சன் நிறுவனம் தயாரித்த வரிசை. மேசை வார்ப்பிரும்பு என்பதால் சீர்செய்யத் தகுதியானது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, துருவைத் தொடுவதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றி, பிளேடு மாட்டும் அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வோ, அச்சை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமோ இருந்தால் பேரிங்கை மாற்றிய பிறகே மற்ற வேலைகளில் இறங்கலாம், ஏனெனில் தளர்ந்த அச்சை வைத்து எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. மின்கம்பியின் உறை வெடித்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பெல்ட் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று வளைவு பிடித்துப்போயிருக்கும். அதிர்வுக்குப் பாதிக் காரணம் பெரும்பாலும் அதுதான் என்பதால் புதியதை மாட்டி, இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேர்விளிம்பால் சரிபாருங்கள்.

துருவை நீக்குவது தோற்றத்தில் பெரிய வேலை, உண்மையில் எளிது. மெல்லிய எண்ணெயைத் தெளித்து, சவரத்தகடு பொருத்திய சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் மேல்துரு வந்துவிடும். மிச்சத்தை 220, 320, 400 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி எண்ணெயோடு தேய்த்து எடுக்கலாம். பெல்ட் சாண்டரை மட்டும் மேசைமீது வைக்காதீர்கள். துரு போகும், அதோடு மேசையின் தட்டைத்தன்மையும் போய்விடும். கறையும் சிறு குழிகளும் எஞ்சினால் விட்டுவிடுங்கள், அறுப்புக்கு அவற்றால் கேடில்லை.

அடுத்து மேசை. நேர்விளிம்பை நீளவாட்டிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் எவ்வளவு நுழைகிறது என்று பாருங்கள். நடு மேசையில் 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர், வரை பள்ளம் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் கோணல் இருப்பது நடு மேசையின் இருபுறமும் போல்ட்டால் இணைத்த பக்க இறக்கைகளில்தான். இறக்கையின் வெளி ஓரம் தாழ்ந்திருந்தால், இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அவற்றுக்குக் கீழே, மூட்டின் அடிப்பகுதியில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகி இறுக்குங்கள், ஓரம் உயரும். ஓரம் தூக்கியிருந்தால் துண்டைப் போல்ட்டுக்கு மேலே செருக வேண்டும். கோலா கேனை வெட்டியெடுத்த அலுமினியத் துண்டு இதற்கு நன்றாகவே போதும்.

இனி, கருகலுக்குக் காரணமாக நான் முதலில் சந்தேகிப்பது: பிளேடு காடிக்கு இணையாக இல்லாதது. பிளேடை முழுதும் உயர்த்தி, ஒரு பல்லில் குறியிட்டு, அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மைட்டர் காடியின் விளிம்பிலிருந்து அதற்குள்ள தூரத்தைக் காம்பினேஷன் ஸ்கொயரால் அளக்கவும். பிறகு பிளேடைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் நிறுத்தி மீண்டும் அளக்கவும். வேறு பல்லை அளந்தால் பிளேடின் சிறு வளைவும் கணக்கில் சேர்ந்து உங்களைக் குழப்பிவிடும். வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் சரி, 0.003க்குள் இருந்தால் சிறப்பு. உங்கள் இயந்திரத்தில் பிளேடைத் தாங்கும் ட்ரனியன்கள் மேசையின் அடிப்பக்கத்திலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கும். முன் ட்ரனியனின் ஒரு போல்ட்டை மட்டும் அரை இறுக்கத்தில் விட்டு மற்றவற்றைத் தளர்த்தி, பின் ட்ரனியனை மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி நகர்த்துங்கள். இறுக்கும்போது அது மறுபடி நகரும்; ஆகவே ஒவ்வொரு போல்ட்டையும் சிறிது சிறிதாக இறுக்கி, முடிவில் திரும்பவும் அளக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றே. பிளேடை 45 பாகைக்குச் சாய்த்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். நேராக நிற்கையில் சரியாக இருந்து சாய்க்கையில் மாறினால், முன் அல்லது பின் ட்ரனியனுக்கும் மேசைக்கும் இடையே தகடு வைத்துத் திருத்த வேண்டியிருக்கும். அடியில் இருக்கும்போதே பற்சக்கரங்களில் அப்பியுள்ள மரத்தூளைப் பித்தளை பிரஷால் துடைத்து மெழுகு பூசுங்கள். கிரீஸ் வேண்டாம், தூள் அதில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பிளேடு சரியான பின்பே ஃபென்ஸ். அதுவும் காடிக்கு இணையாக இருக்க வேண்டும். பின்முனை ஒரு தாளின் கனம் விலகியிருந்தாலும் பரவாயில்லை, பிளேடை நோக்கி நெருங்கவே கூடாது. நெருங்கினால் பலகை பின் பற்களில் அழுந்தி, முதலில் கருகும், பிறகு உங்களை நோக்கி எறியப்படும். இந்த வரிசையின் பழைய ஃபென்ஸ் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் சிறிது கோணிக்கொள்ளும் என்பதால், முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். அது சலித்தால் டி-ஸ்கொயர் வகை (முன்பக்கத் தண்டில் T வடிவில் பூட்டும்) ஃபென்ஸ் ஒன்றை வாங்கலாம், பணத்துக்கு வீணில்லை. பிளேடைச் செங்குத்தாக நிறுத்தும் 90 பாகை நிறுத்தத்தை மூலைமட்டத்தால் சரிசெய்யும்போது மட்டம் பிளேடின் உடலில் படிய வேண்டும், பல்லில் அல்ல.

பழையதாகக் கைமாறும் இயந்திரங்களில் பாதுகாப்பு மூடியும் அதோடு சேர்ந்த பிளவுத் தகடும் காணாமல் போயிருப்பது வழக்கம். அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அந்தத் தகடுதான். அது இல்லையென்றால் தேடிப்பிடித்து மாட்டும்வரை நீளவாட்டு அறுப்பை நிறுத்திவையுங்கள்.

உங்கள் காராஜில் குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மீது வசந்தகால ஈரக்காற்று பட்டதும் நீர் படியும். ஆகவே மேசையை மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, சிலிகோன் கலவாத பேஸ்ட் மெழுகு பூசித் தேய்த்து வையுங்கள். சிலிகோன் மரத்தில் ஒட்டினால் பின்னர் வார்னிஷ் ஒழுங்காகப் படியாது. இத்தனைக்குப் பிறகும் கருகல் நீடித்தால் பிளேடின் பற்களில் படிந்த பிசினைக் கழுவிப் பாருங்கள். அதன் பின்னும் கருகினால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்கக் கொடுங்கள்.