கேபிளைக் கழற்றினால் ஐஓ விழுகிறதா? வாட்ச்டாக்கைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. புரொஃபிநெட் ரிங்கில் (ஆலைக் கருவிகளை வளையமாக இணைக்கும் நெட்வொர்க்) ஒரு கேபிளைக் கழற்றியதும் ஐஓ (கருவிகளின் உள்ளீடு-வெளியீடு) எல்லாம் விழுந்து, கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்புகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ரிங் வேலை செய்கிறது, வாட்ச்டாக் நேரம்தான் (தரவு வராவிட்டால் தொடர்பு போனதாக முடிவு கட்டுமுன் காத்திருக்கும் நேரம்) பத்தவில்லை. ரிங் அறுந்தால் பாதையை மாற்றிவிடும் நெறிமுறையான எம்ஆர்பி, மாற்றுப் பாதைக்கு மாற 200 மில்லிசெகண்ட் வரை எடுக்கலாம். நீங்கள் வைத்திருப்பது 8 மில்லிசெகண்ட் அப்டேட் டைம் (தரவு அனுப்பும் இடைவெளி), தரவு விடுபட அனுமதி 3 முறை. 24 மில்லிசெகண்டிலேயே தொடர்பு போய்விட்டது என்று பிஎல்சி (ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவு கட்டிவிடுகிறது. அந்த 3-ஐ 30 ஆக்குங்கள், 240 கிடைக்கும். பாதுகாப்பு ஐஓ இருந்தால் அதன் கண்காணிப்பு நேரம் தனி, அதை இதோடு சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம், ரிங் போர்ட்டுகளில் ஆர்எஸ்டிபி (வளையத்தைத் தடுக்கும் வேறொரு நெறிமுறை) அணைந்திருக்க வேண்டும். எல்லாச் சாதனத்திலும் எம்ஆர்பி அமைப்பை ஏற்றி முடிக்கும்வரை ரிங்கை மூடும் கடைசி கேபிளைச் செருகவே வேண்டாம். ஒருமுறை நான் முன்கூட்டியே செருகியதில் தரவு வளையத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, எல்லா ஸ்விட்ச் விளக்கும் ஒன்றாகப் படபடத்து, லைனே நின்றுவிட்டது.