கடல் தாண்டினால் ஹலால் சோறு எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மகளுக்கு ஜப்பானில் படிப்பு கிடைத்திருக்கிறது. கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு கிழமை டோக்கியோவில் தங்குவோம். பன்றி இல்லாத கடையாகப் பார்த்துச் சாப்பிட்டால் போதும்தானே?
அக்குறணை வாசகி

போதாது, ராத்தா. மிரின் என்று இனிப்பான அரிசி மது ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் தேங்காய்ப்பால் எப்படியோ, அவர்கள் சமையலில் அது அப்படி. காய்கறிக் கறியிலும் இருக்கும், மீனுக்குப் பூசும் சோஸிலும் இருக்கும். அதை மது என்று சமைப்பவர் நினைப்பதே இல்லை. முதல் பயணத்தில் நானும் ஏமாந்தேன். ரயில் நிலையக் கடையொன்றில், இறைச்சி இல்லை என்ற தைரியத்தில் கத்தரிக்காய்ச் சோற்றுப் பெட்டி வாங்கினேன். பாதி உள்ளே போன பிறகுதான், கூட வந்த மாணவர் பெட்டியின் அடியில் இருந்ததை வாசித்துக் காட்டினார்.

எனவே "பூத்தா" (பன்றி) என்ற சொல்லோடு நிற்காமல் மிரின், சாக்கே (இதுவும் அரிசி மதுதான்) இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது பள்ளிவாசலைத்தான். கடை பக்கத்திலேயே இருக்கும். யோயோகி உஎஹாரா ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள டோக்கியோ ஜாமி பள்ளியிலேயே ஹலால் பொருட்கள் விற்கிறார்கள். அசக்குசாவில் ஹலால் ராமென் (சூப் நூடில்ஸ்) கடைகள் உண்டு. மகள் தானே சமைப்பதாக இருந்தால் ஷின் ஒக்குபோ பகுதியைக் காட்டிவிட்டு வாருங்கள். மசாலாத்தூள், பருப்பு, ஹலால் கோழி எல்லாம் அங்கே கிடைக்கும்.

விமானத்தில் ஏறிய பிறகு ஹலால் சாப்பாடு கேட்கலாமா?
பதுளை வாசகர்

கேட்கலாம், கிடைக்காது. டிக்கெட் போடும்போதே "முஸ்லிம் மீல்" என்று பதியச் சொல்லுங்கள். அதன் குறியீடு எம்.ஓ.எம்.எல். குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன்னராவது சொல்ல வேண்டும். எமிரேட்ஸ், கட்டார் ஏர்வேஸ் என்றால் இந்தக் கவலை இல்லை, அங்கே எல்லாச் சாப்பாடும் ஹலால்தான்.

வியாபார விஷயமாகச் சீனாவின் குவாங்சோ போகிறேன். பாஷை தெரியாது. நானா, எதைப் பார்த்துக் கடைக்குள் போவது?
கம்பளை வாசகர்

"சிங்ஜென்" என்றால் அங்கே ஹலால். அதை எழுதும் இரண்டு சீன எழுத்துகளைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் அரபு எழுத்து இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். பெய்ஜிங்கில் 2019இல் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்தையும் பிறையையும் எடுக்கச் சொன்னார்கள். குவாங்சோவில் ஷியாவ்பெய் பக்கம் போனால் அரபு, ஆபிரிக்க வியாபாரிகள் சாப்பிடும் கடைகள் வரிசையாக இருக்கும். லான்ஜோ மாட்டிறைச்சி நூடில்ஸ் மலிவு, வயிறும் நிரம்பும். நாம் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) என்பதால் இறால், கணவாயும் கைகொடுக்கும். ஆனால் அவை எந்தச் சட்டியில் பொரிந்தன என்று விசாரியுங்கள்.

சிங்கப்பூரில் "நோ போர்க், நோ லார்ட்" என்று போட்டிருக்கும் கடையில் சாப்பிடலாமா?
ஹட்டன் வாசகி

பன்றி இறைச்சியும் அதன் கொழுப்பும் இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். கோழியை யார், எப்படி அறுத்தார்கள் என்பதற்கு அந்தப் பலகை பொறுப்பில்லை. நான் போவதில்லை. ஹலால் சான்றிதழ் கொடுப்பது சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாகிம். அவற்றின் முத்திரையைப் பாருங்கள். முத்திரை உள்ள கடைகள் தாராளமாக இருக்கும்போது சந்தேகத்தோடு ஏன் சாப்பிட வேண்டும்?

உம்மா பொரித்துத் தரும் மாட்டிறைச்சியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?
மாத்தளை வாசகர்

ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அவுஸ்திரேலியா என்றால் மாசி போட்ட சீனிச் சம்பல் போத்தலைக்கூட, உள்ளே நுழையும்போது நிரப்பும் பயணி அட்டையில் எழுதிக் காட்டுங்கள். காட்டினால், போனால் போத்தல்தான் போகும். மறைத்தால் அபராதம்.